செவ்வாய்க்காரர்கள் தாக்கிய பள்ளிவாசல்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரம் பார்த்து வாசியுங்கள்.

பழைய விஞ்ஞானப் புனைகதைப் படங்களைத் திரும்பத் திரும்ப எடுப்பது சரியா பிழையா என்று எமது இளைஞர்கள் அடிக்கடி வாதாடுகிறார்கள். 2025 ஜூலை இறுதியில் அமேசன் பிரைம் தளத்தில் 'வோர் ஒஃப் த வேர்ல்ட்ஸ்' என்ற பெயரில் இன்னுமொரு படம் வந்தபோது அந்த வாதம் மீண்டும் சூடுபிடித்தது. படம் படுமோசம். "ஒரு நல்ல கதையை எத்தனை தரம்தான் கெடுப்பார்கள்?" என்று ஒரு சாரார். "பழைய படத்தை இப்போது யார் பார்க்கிறார்கள்? புதிதாக எடுத்தால்தானே பிள்ளைகளுக்குக் கதையாவது தெரியும்" என்று மறு சாரார்.

இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நாம் வரலாறு படிப்பிக்கிறவர்கள். ஒரு கதை எங்கே பிறந்தது, வழியில் எதை இழந்தது என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மனம் வராது. இந்தக் கதையின் பிறப்பிடத்தில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது என்பதை எம்மவர்களில் பலர் அறியமாட்டார்கள். அங்கிருந்தே தொடங்குவோம்.

லண்டனுக்குத் தென்மேற்கே, சரே மாவட்டத்தில் வோக்கிங் என்றொரு ஊர். அங்கே 1889இல் ஒரு பள்ளிவாசல் கட்டப்பட்டது. பிரித்தானியாவில் பள்ளிவாசலுக்கென்றே அத்திவாரமிட்டுக் கட்டப்பட்ட முதலாவது கட்டடம் அதுதான். போபால் சமஸ்தானத்தை ஆண்ட ஷாஜஹான் பேகம் பணம் கொடுத்தார்; அவருடைய பெயரே பள்ளிவாசலுக்கும் வைக்கப்பட்டது. கட்டுவித்தவர் லெய்ட்னர் என்ற மொழி அறிஞர். புடாபெஸ்ட்டில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர், லாகூரில் அரசாங்கக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். வோக்கிங்கில் அவர் கீழைத்தேயக் கல்வி நிறுவனம் ஒன்றை நடத்தினார். அதன் வளவுக்குள்தான் பச்சைக் குவிமாடத்தோடு இந்தச் சிறிய பள்ளிவாசல். (அதன் பிற்கால நிர்வாக வரலாறு தனிக்கதை. இந்தப் பதிவில் அதைத் தொடவில்லை.) குர்ஆனை ஆங்கிலத்தில் தந்த மர்மடியூக் பிக்தால், அப்துல்லாஹ் யூசுஃப் அலி இருவரும் இந்த ஊருக்குப் பக்கத்தில் உள்ள புரூக்வூட் மையவாடியில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

பள்ளிவாசல் கட்டி ஆறு வருடங்களுக்குப் பிறகு, 1895இல், அதே ஊருக்கு ஓர் இளம் எழுத்தாளர் குடிவந்தார். எச். ஜி. வெல்ஸ். முன்பு விஞ்ஞான ஆசிரியராகப் பாடசாலைகளில் படிப்பித்தவர். புதிதாகச் சைக்கிள் ஓடப் பழகிக்கொண்டு சுற்றுவட்டாரமெல்லாம் திரிந்து, செவ்வாய்க்காரர்கள் வந்து இறங்கினால் எந்த இடத்தை எப்படி அழிக்கலாம் என்று குறித்துக்கொண்டாராம். அப்படிப் பிறந்ததுதான் இந்த நாவல். 1897இல் சஞ்சிகையில் தொடராகவும் 1898இல் நூலாகவும் வந்தது.

நாவலின் முதற் பாகம் ஒன்பதாம் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். கதைசொல்லியும் மனைவியும் பின்னேரம் வீட்டுத் தோட்டத்தில் தேநீர் குடிக்கிறார்கள். திடீரென வெடிச்சத்தம். கீழைத்தேயக் கல்லூரி வளவு மரங்கள் தீப்பற்றுகின்றன. பக்கத்திலிருந்த சிறிய தேவாலயத்தின் கோபுரம் சரிகிறது. பள்ளிவாசலின் உச்சியைக் காணவில்லை. ஒரே பந்தியில் தேவாலயமும் பள்ளிவாசலும் சேர்ந்து அடிவாங்குகின்றன. எது யாருடையது என்று அந்தச் சுவாலை பார்க்கவில்லை. வெல்ஸ் அதற்கு விசேட விளக்கம் எதுவும் கொடுக்கவுமில்லை. தமது ஊரில் இருந்த ஒரு கட்டடம், அதனால் எழுதினார், அவ்வளவுதான். எமக்குப் பிடித்ததும் அந்த இயல்புதான்.

அதைவிட முக்கியமான ஒன்று முதலாம் அத்தியாயத்தில் இருக்கிறது. செவ்வாய்க்காரர்களைக் கொடியவர்கள் என்று திட்டுவதற்கு முன்னர், ஐரோப்பியர்களாகிய நாம் தஸ்மேனியாவின் பூர்வீக மக்களுக்கு என்ன செய்தோம் என்று நினைத்துப் பாருங்கள் என்கிறார். இந்தக் கதைக்கான யோசனையே வெல்ஸின் சகோதரர் பிராங்க் அந்த மக்களைப் பற்றிப் பேசியதிலிருந்து வந்தது. ஒரு நாள் வானத்திலிருந்து யாராவது இறங்கி எமக்கும் இப்படிச் செய்தால் எப்படியிருக்கும் என்ற பேச்சு. நூலை அந்தச் சகோதரருக்கே சமர்ப்பித்தார்.

தஸ்மேனியாவின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால், 1803இல் பிரித்தானியர் அங்கே குடியேற்றத்தைத் தொடங்கினார்கள். 1820களின் நடுப்பகுதியிலிருந்து 1830களின் ஆரம்பம் வரை நடந்த 'கறுப்புப் போர்' அந்த மக்களைத் துடைத்தெடுத்தது. எஞ்சியவர்கள் தீவொன்றுக்கு அனுப்பப்பட்டு நோயிலும் ஏக்கத்திலும் இறந்தார்கள். 1876இல் டிருகனினி என்ற பெண் இறந்தபோது 'கடைசித் தஸ்மேனியர்' போய்விட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. வெல்ஸும் அந்த இனம் முற்றாக அழிந்தது என்றே நம்பினார். அது பிழை. அவர்களுடைய சந்ததியினர் இன்றும் வாழ்கிறார்கள், தமது உரிமைகளுக்காகப் பேசுகிறார்கள். இதைக் குறிப்பிடாமல் போனால் நாமும் அவர்களை இரண்டாம் தடவை புதைத்தவர்களாவோம்.

1898இல் இலங்கையும் அதே பிரித்தானிய முடியின் கீழ்தான் இருந்தது. அந்தக் காலத்தில், சாம்ராஜ்யத்தின் தலைநகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஓர் ஆங்கிலேயர், "நாம் செய்தது எமக்கே நடந்தால்?" என்று தமது சொந்த மக்களைக் கேட்டார். அதுதான் இந்தக் கதையின் உயிர். மூன்று கால் இயந்திரமும் வெப்பக் கதிரும் அதற்குப் போட்ட உடுப்பு.

இனி மீளுருவாக்கங்களுக்கு வருவோம்.

முதலாவது பெரிய மீளுருவாக்கம் படமல்ல, வானொலி நாடகம். 1938 ஒக்டோபர் 30, இரவு 8 மணி, நியூயோர்க், சிபிஎஸ் வானொலி. இயக்கியவர் ஓர்சன் வெல்ஸ், வயது 23. (எச். ஜி. வெல்ஸுக்கு உறவில்லை. பெயர் ஒற்றுமை மட்டுமே.) கதையை இங்கிலாந்திலிருந்து நியூ ஜேர்சிக்கு மாற்றினார்கள். செவ்வாய்க்காரர்கள் இறங்கும் இடமாகக் குரோவர்ஸ் மில் என்ற சிற்றூரை, நாடகத்தை எழுதிய ஹவார்ட் கொக், வரைபடத்தில் கண்ணை மூடிக்கொண்டு பென்சிலை வைத்துத் தெரிவுசெய்தாராம். நாடகத்தைச் செய்தி அறிக்கை வடிவில் அமைத்தார்கள். ஹிட்லரோடு மியூனிக் உடன்படிக்கை கைச்சாத்தாகிச் சரியாக ஒரு மாதம். வானொலி நிகழ்ச்சியை இடைநிறுத்திப் போர்ச் செய்தி சொல்வது மக்களுக்குப் பழகிப்போன காலம்.

அமெரிக்கா முழுவதும் வீதிக்கு ஓடியது, ஆயிரக்கணக்கானோர் பீதியில் தவித்தார்கள் என்று எத்தனையோ நூல்களில் வாசித்திருப்போம். அது பெரும்பாலும் ஊதிப் பெருப்பிக்கப்பட்ட கதை. அன்றிரவு தொலைபேசி மூலம் எடுக்கப்பட்ட ஒரு கணிப்பில், கேட்கப்பட்ட வீடுகளில் சுமார் 2 வீதமானவைதான் இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தன. மற்ற அலைவரிசையில் ஒரு பொம்மலாட்டக்காரரின் நகைச்சுவை நிகழ்ச்சி. மக்கள் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் பயந்தது உண்மை. ஆனால் 'நாடே பீதியில்' என்று மறுநாள் கொட்டை எழுத்தில் போட்டவை பத்திரிகைகள். வானொலி தமது விளம்பர வருமானத்தைத் தின்றுகொண்டிருந்த காலத்தில், 'வானொலியை நம்பாதீர்கள்' என்று சொல்ல அவர்களுக்கு நல்ல வாய்ப்பு.

உண்மையான இரத்தம் சிந்தியது வேறு இடத்தில். 1949 பெப்ரவரியில் தென்னமெரிக்காவின் எக்குவடோர் நாட்டுத் தலைநகர் குவிட்டோவில் அதே நாடகத்தை ஸ்பானிய மொழியில், உள்ளூர் இடப்பெயர்களோடு மீளுருவாக்கினார்கள். மக்கள் உண்மையாகவே வீதிக்கு வந்தார்கள். பிறகு அது நாடகம் என்று தெரிந்ததும் பயம் கோபமாக மாறியது. வானொலி நிலையம் இருந்த கட்டடத்தைத் தீவைத்தார்கள். அதே கட்டடத்தில்தான் நாட்டின் முக்கிய பத்திரிகையும் இருந்தது. உள்ளே இருந்தவர்களில் பலர் இறந்தார்கள்.

வதந்தி எப்படி நெருப்பாக மாறும் என்று எமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில், முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் உணவில் மலட்டு மாத்திரை கலந்ததாக ஒரு பேச்சு. கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பிறகு அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்துச் சொன்னார்: அது வெறும் மாவுக் கட்டி. அந்த அறிக்கை வருவதற்குள் திகனயும் எரிந்து முடிந்திருந்தது. சமூக வலைத்தளங்களை அரசாங்கம் சில நாட்களுக்கு முடக்கியதும் அப்போதுதான். குவிட்டோவில் நடந்ததை ஹொலிவூட் ஏன் இன்னும் பெரிய படமாக எடுக்கவில்லை என்று நாம் யோசிப்பதுண்டு. செவ்வாய்க்காரர் ஒருவரும் வராமலேயே ஓர் ஊர் அழிந்த கதை அது.

சரி, 1953. ஜோர்ஜ் பால் தயாரித்து பைரன் ஹஸ்கின் இயக்கிய படம். கதை கலிபோர்னியாவுக்குப் போய்விட்டது. விசேட காட்சியமைப்புக்காக ஒஸ்கார் விருது பெற்றது. சோவியத் யூனியன் 1949இல் அணுகுண்டு பரிசோதித்த பிறகு அமெரிக்கர்களின் தலையில் இருந்த பயம் இந்தப் படம் முழுக்க இருக்கிறது. செவ்வாய்க்காரர்கள் மீது அணுகுண்டே போடுகிறார்கள். புகை அடங்கியதும் அவர்களுடைய கலங்கள் ஒரு கீறலும் இல்லாமல் வெளியே வருகின்றன. அந்தக் காட்சி இன்றும் பயமுறுத்தும்.

நாவலில் மதகுரு பயந்து, புத்தி பேதலித்துப் போனவர். படத்தில் அவரை மாற்றிவிட்டார்கள். கையில் வேதநூலோடு எதிரியை நோக்கி நடந்து சென்று உயிரைக் கொடுக்கும் துணிச்சல்காரர். கடைசிக் காட்சியும் தேவாலயத்துக்குள். மக்கள் பிரார்த்தித்துக்கொண்டிருக்கும்போதே கலங்கள் விழுகின்றன. தஸ்மேனியா காணாமல் போய்விட்டது. பள்ளிவாசலும் இல்லை. கலிபோர்னியாவில் வோக்கிங் பள்ளிவாசல் எப்படி வரும் என்று கேட்பீர்கள், நியாயம்தான். ஆனால் 'நாம் மற்றவர்களுக்குச் செய்தது' என்ற கேள்வியையும் சேர்த்து விட்டுவிட்டு வந்ததுதான் இழப்பு. அப்பாவி அமெரிக்கா, கொடிய எதிரி என்று கதை சுருங்கிவிட்டது.

ஆனாலும் அந்தப் படத்துக்குள் தெரியாமல் ஒரு சாட்சி ஒளிந்திருக்கிறது. மூன்று கால் இயந்திரங்களுக்குப் பதிலாக, திருக்கை மீன் போல மிதக்கும் பச்சையும் செம்பும் கலந்த கலங்கள் அதில் வரும். அவற்றை வடிவமைத்தவர் அல்பேர்ட் நொசாக்கி. டோக்கியோவில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்காவுக்கு வந்தவர். பரமவுண்ட் நிறுவனத்தில் வேலை. 1941இல் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியதும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரோடு அவரும் முகாமுக்கு அனுப்பப்பட்டார். மன்சனார் என்ற பாலைவன முகாம். குற்றம் எதுவும் இல்லை, முகமும் பெயரும் போதுமானதாக இருந்தது. பிறகு அதே நிறுவனத்துக்குத் திரும்பி வந்து, அமெரிக்கா பயப்பட வேண்டிய எதிரியின் வாகனத்தை வரைந்து கொடுத்தார். அவர் மனதில் என்ன இருந்தது என்று நாம் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் இந்தத் தகவல் தெரிந்த பிறகு அந்தக் கலங்களை முன்புபோல் பார்க்க முடியவில்லை.

இந்தப் படத்தைப் பற்றி இன்னொரு தொழில்நுட்பச் செய்தி. கலங்களைத் தொங்கவிட்ட கம்பிகள் பிற்காலப் பிரதிகளில், டிவிடியில், அப்பட்டமாகத் தெரிந்தன. "பழைய படம், கம்பி தெரிகிறது பார்" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். உண்மையில் 1953இல் திரையிட்ட பிரதிகளின் வர்ணமும் இருட்டும் அந்தக் கம்பிகளை மறைத்திருந்தன. பிற்காலத்தில் வேறு வகைப் படச்சுருளுக்கு, வெளிச்சம் கூட்டிப் பிரதி எடுத்ததால்தான் கம்பி வெளியே வந்தது. 2018இல் படத்தைப் புதுப்பித்தபோது அவற்றை அகற்றினார்கள். பழைய படத்தைக் குறைசொல்லும் முன் நாம் பார்ப்பது எந்தப் பிரதி என்று கேட்க வேண்டும். பல சமயம் தேவைப்படுவது புதுப் படமல்ல, பழையதன் ஒழுங்கான பிரதி.

மீளுருவாக்கம் பழைய படத்தை அழித்துவிடாது, அது அப்படியே இருக்கத்தானே போகிறது என்று சிலர் சொல்வார்கள். எப்போதும் அப்படியல்ல. 'டொக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்' கதை 1931இல் பரமவுண்ட் நிறுவனத்தால் மிக அருமையாக எடுக்கப்பட்டது. நடித்த பிரெட்ரிக் மார்ச்சுக்கு ஒஸ்கார். 1941இல் எம்ஜிஎம் நிறுவனம் அதே கதையை மீண்டும் எடுத்தபோது, பழைய படத்தின் உரிமையையும் வாங்கி, தமது படத்தோடு ஒப்பிடக் கூடாதென்று அதை வெளியே விடாமல் வைத்திருந்தது. பல தசாப்தங்கள் அந்த நல்ல படத்தை மக்கள் பார்க்க முடியவில்லை. இன்று யாரும் பெட்டிக்குள் பூட்டத் தேவையில்லை. தேடும்போது புதியது முதலில் வந்து நிற்கும், பழையது பத்தாவது பக்கத்தில் கிடக்கும்.

அடுத்து 2005. ஸ்டீவன் ஸ்பீல்பேர்க், டொம் குரூஸ். 13 கோடி டொலருக்கும் மேற்பட்ட செலவு. விண்வெளியிலிருந்து நட்போடு வருபவர்களை 1977இலும் 1982இலும் காட்டிய அதே இயக்குநர், இப்போது கொல்ல வருபவர்களைக் காட்டினார். இடையில் 2001 செப்டெம்பர் 11 நடந்திருந்தது. கட்டடத் தூசும் மனிதச் சாம்பலும் படிந்த முகத்தோடு வீடு திரும்பும் தகப்பன், காணாமல் போனவர்களின் படங்கள் ஒட்டிய சுவர், வீட்டு வாசலில் விழுந்து கிடக்கும் விமானம். எல்லாமே நியூயோர்க் மக்கள் கண்ணால் கண்டவற்றின் நிழல்.

தாக்குதல் தொடங்கியதும் சிறுமி கேட்கும் ஒரு கேள்வி, இது பயங்கரவாதிகளா என்பதுதான். அந்தச் சொல்லைக் கேட்டதும் திரையரங்கில் இருந்தவர்கள் மனதில் வந்த முகம் எது என்று சொல்லத் தேவையில்லை. 1898இல் எழுதப்பட்ட கதையில் எமது பள்ளிவாசல் பக்கத்துத் தேவாலயத்தோடு சேர்ந்து அடிவாங்கியது. 107 வருடம் கழித்து அதே கதையில் நாம் முதற் சந்தேகமாக வந்து நிற்கிறோம்.

ஸ்பீல்பேர்க் மீது அநியாயமாகப் பழி போடவும் கூடாது. படத்தில் ஒரு முஸ்லிமையும் கெட்டவனாகக் காட்டவில்லை. அந்தக் காலத்து அமெரிக்கப் பிள்ளை அப்படித்தான் கேட்டிருக்கும். அவர்கள் வேறெங்கிருந்தோ வந்தவர்கள் என்று தகப்பன் சொல்ல, ஐரோப்பாவிலிருந்தா என்று மகன் கேட்கும் இடம் நல்ல பகிடி. அதைவிட, நிலவறையில் ஒளிந்திருக்கும் ஒகில்வி என்ற பாத்திரம், ஆக்கிரமிப்புகள் எப்போதும் தோற்றுத்தான் போகும், வரலாறு அதைத்தான் சொல்கிறது என்ற கருத்தைச் சொல்லும். அமெரிக்கப் படைகள் ஈராக்கில் நின்றுகொண்டிருந்த வருடம் அது. வெல்ஸ் கேட்ட கேள்வியின் ஒரு சிறு துணுக்கு அந்த ஓரிடத்தில் மட்டும் எட்டிப் பார்க்கிறது. பிறகு படம் தகப்பன் பிள்ளைப் பாசத்துக்குள் போய்விடுகிறது. 1953 படத்தின் நாயகன் நாயகியான ஜீன் பரியும் ஆன் ரொபின்சனும் கடைசியில் தாத்தா பாட்டியாக வாசலில் நிற்பது நல்ல மரியாதை.

முடிவை மட்டும் 1938, 1953, 2005 மீளுருவாக்கங்கள் மாற்றவில்லை. மனிதனின் ஆயுதம் எதுவும் பலிக்காமல், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் செவ்வாய்க்காரர்களைச் சாய்க்கின்றன. மத நம்பிக்கைகளைக் கேள்விகேட்ட வெல்ஸ் கூட அந்த இடத்தில் இறைவனின் ஞானத்தைக் குறிப்பிட்டே எழுதியிருக்கிறார். யானைப் படையோடு வந்த அப்ரஹாவையும் சிறு பறவைகளையும் சிறுவயதிலேயே ஓதிப் பழகிய எமது பிள்ளைகளுக்கு இந்த முடிவு புதிதாக இருக்காது. "ஹீரோ ஒன்றுமே செய்யவில்லையே" என்று சில விமர்சகர்கள் குறைப்பட்டதைப் பார்த்து எமக்குச் சிரிப்புத்தான் வந்தது.

இன்னொரு கதையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவோம். ஜக் பினி எழுதிய 'உடல் திருடர்கள்' கதை. 1956, 1978, 1993, 2007 என்று நான்கு தடவை பெரிய படமாக வந்திருக்கிறது. வெளியிலிருந்து வந்த ஏதோ ஒன்று மனிதர்களை ஒவ்வொருவராக மாற்றிவிடுகிறது. முகம் அதே முகம், குரல் அதே குரல், ஆனால் ஆள் அவரில்லை. 1956 படத்தைக் கம்யூனிஸ்ட் பயம் என்றும் சொன்னார்கள், கம்யூனிஸ்டுகளை வேட்டையாடியவர்கள் மீதான பயம் என்றும் சொன்னார்கள். 1978இல் அது பெருநகரத்தில் அயலவரை அறியாமல் வாழும் பயமாக மாறியது. நான்கில் அந்தப் படம் மிகச் சிறந்தது என்பது எமது எண்ணம். மீளுருவாக்கமே கூடாது என்பவர்களுக்கு அதுவே பதில்.

ஆனால் நான்கு படமும் ஒரே பக்கத்திலிருந்துதான் பார்க்கின்றன, சந்தேகப்படுபவரின் பக்கத்திலிருந்து. 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்ட உயிர்களை ஒரு சிறு கும்பல் பறித்தது. அந்த உறவுகளின் துயரத்துக்கு முன் எமது கஷ்டம் சிறிது. ஆயினும் அதற்குப் பிந்திய மாதங்களில் முப்பது வருடம் பழகிய கடைக்காரர் எம்மைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. அதே முகம்தானா, உள்ளே வேறு யாராவதா என்று தேடும் பார்வை. மே மாதத்தில் குருணாகல், கம்பஹா பக்கங்களில் வீடுகளும் பள்ளிவாசல்களும் உடைக்கப்பட்டன. 'உடல் திருடர்கள்' கதையை ஐந்தாம் தடவையும் எடுப்பதென்றால், உள்ளே ஒன்றுமே மாறாமலிருந்தும் மாறிவிட்டதாகச் சந்தேகிக்கப்படும் ஒருவரின் வீட்டுக்குள்ளிருந்து எடுக்கட்டும். அந்தப் படத்துக்கு நாம் காசு கொடுத்து டிக்கெட் வாங்குவோம்.

2025 படத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தில் மக்களைக் கண்காணிக்கும் அதிகாரி ஒருவர் கணினித் திரைக்கு முன் உட்கார்ந்திருக்கிறார். வந்தவர்கள் தரவுகளைத் தின்னுகிறார்கள். கண்காணிக்கப்படும் சமூகமொன்றின் பயத்தைச் சொல்ல நல்ல வாய்ப்பு. ஆனால் உலகத்தைக் காப்பாற்ற அமேசன் நிறுவனத்தின் ட்ரோன் பொருள் கொண்டுவந்து கொடுக்கிறது. படத்தை வெளியிட்டதும் அமேசன். விளங்கிக்கொள்ளுங்கள்.

ஆக, எடுக்கலாமா கூடாதா? எமது நிலைப்பாடு இதுதான். முன்பு வந்த படத்தைப் பார்த்துப் படம் எடுப்பது வீண். மூலக் கதைக்குத் திரும்பிப் போய், இடையில் கைவிடப்பட்டதைத் தேடி எடுப்பதென்றால் நூறு தடவையும் எடுக்கலாம். ஜோன் கார்பென்டர் 1982இல் 'த திங்' படத்தை அப்படித்தான் எடுத்தார். 1951 படம் ஓரமாக ஒதுக்கிய விடயத்தை, அதாவது எமக்குள்ளேயே யார் மனிதன் யார் மற்றது என்று தெரியாத நிலையை, 1938இல் வெளியான கதையிலிருந்து மீட்டெடுத்தார். வெளியானபோது படம் தோற்றது. இரண்டு வாரத்துக்கு முன் வந்த 'ஈ.ரி.' எல்லோருடைய மனதையும் கொள்ளையடித்திருந்தது. இன்று மிகச் சிறந்த மீளுருவாக்கங்களில் ஒன்றாக அதைத்தான் சொல்கிறார்கள்.

கொழும்பில் வாழ்ந்து மறைந்த ஆர்தர் சி. கிளார்க் ஸ்டான்லி குப்ரிக்கோடு சேர்ந்து உருவாக்கிய '2001' படத்தை ஏன் யாரும் தொடவில்லை என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில் என்று நினைக்கிறோம். கதையும் படமும் ஒரே நேரத்தில் சேர்ந்து வளர்ந்தவை. திரும்பிப் போய் மீட்க அங்கே கைவிடப்பட்ட மூலம் எதுவும் இல்லை. அதனால் 1984இல் தொடர்ச்சிதான் வந்தது. அதற்காகக் கிளார்க் கொழும்பிலிருந்து கணினி வழியாக ஹொலிவூட் இயக்குநரோடு கடிதம் பரிமாறிக்கொண்டார். இணையம் எம்மை எட்டுவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்.

'வோர் ஒஃப் த வேர்ல்ட்ஸ்' விடயத்தில் மீட்க நிறையவே மிச்சம் இருக்கிறது. 2019இல் பிபிசி மூன்று பாகத் தொடராகக் கதையைத் திரும்ப இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது. ஆனால் பெரிய திரையில் தஸ்மேனியாவோடு தொடங்கும் படத்தை நாம் இன்னும் பார்க்கவில்லை. வெல்ஸ் 1946இல் இறந்தார். எழுத்தாளர் இறந்து 70 வருடம் என்ற கணக்குப்படி 2017 ஜனவரி 1இலிருந்து பிரித்தானியாவில் அவருடைய எழுத்துகள் பொதுவுடைமை. இனி அந்த நாவலை எடுக்க யாரிடமும் அனுமதி கேட்கவோ பணம் கட்டவோ தேவையில்லை. கெமராவும் கணினியுமாகத் திரியும் எமது பிள்ளைகள் இதைக் கவனத்தில் எடுக்கட்டும்.

பார்க்க விரும்புபவர்களுக்கு: 1953 படத்தைக் குடும்பத்தோடு பார்க்கலாம், புதுப்பித்த பிரதியாகத் தேடுங்கள். 2005 படம் 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேண்டாம். ஆற்றில் உடல்கள் மிதந்துவரும் காட்சி சிறுவர்களின் நித்திரையைக் கெடுக்கும். 1982 'த திங்' பெரியவர்களுக்கு மட்டும், அதுவும் சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம். நாவல் ஆங்கிலத்தில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உயர்தர மாணவர்கள் முதலாம், ஒன்பதாம் அத்தியாயங்களையாவது வாசியுங்கள். ஆங்கிலம் கொஞ்சம் பழையது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.